கதவுவரை ஓடிய அப்பா

கண்ணாடிக் கடையில் அவனுக்குப் 'பஞ்சுக்கை' என்று பெயர். ஆளுயரக் கண்ணாடியை நாலு மாடி தூக்கிப் போய், ஒரு கீறல் விழாமல் ஜன்னலில் பொருத்திவிட்டு வருவான். அந்தக் கை வீட்டில் மட்டும் வேலைக்கு ஆகவில்லை.

மகள் இரண்டரை மாதம் முந்திப் பிறந்துவிட்டாள். ஐம்பத்தெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இன்குபேட்டருக்குள் கிடந்தாள். அங்கே அவன் தைரியசாலி. மானிட்டரில் எண் இறங்கினால் நர்ஸ் ஓடி வருவாள். இவன் தள்ளி நின்றால் போதும். டிஸ்சார்ஜ் ஆகி வந்த வீட்டில் மானிட்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. இரண்டு கிலோகூடத் தேறாத பிள்ளை, மூச்சு இருக்கிறதா என்று சந்தேகம் வரும்படி தூங்கியது.

"ஒரு நிமிஷம் பிடிங்களேன்" என்பாள் மனைவி.

"கை கழுவல", "சளி பிடிச்சிருக்கு", "கடையில அவசரமா கூப்பிடுறாங்க" என்று தினம் ஒரு சாக்கு. வேலை முடிந்த பிறகும் கண்ணாடி வெட்டும் மேசையைத் துடைத்துக்கொண்டே நிற்பான். "புள்ள பொறந்ததுலேர்ந்து உனக்குக் கடமையுணர்ச்சி பொங்கி வழியுதேப்பா!" என்று முதலாளி கிண்டலடிப்பார். அவனும் அசடு வழியச் சிரித்து வைப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பால் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு மனைவி குளிக்கப் போனாள். "தூக்கக்கூட வேணாம், சும்மா பாத்துக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சற்று நேரத்தில் குழந்தை பாலைக் கக்கியது. அழுகை வரவில்லை. உதடு நீலம் பாரித்தது. கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பொம்மையை வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கையை நீட்டினான். பாதியிலேயே நின்றுவிட்டது. அடுத்த கணம் வெளியே ஓடி எதிர்வீட்டுக் கதவை இடித்துக்கொண்டிருந்தான். பிள்ளையைத் தனியே போட்டுவிட்டு.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா, கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு ஓடிவந்து குழந்தையைக் கவிழ்த்துத் தட்டினார். மூன்றாவது தட்டில் வீறிட்டது. ஈரத் தலையோடு மனைவி பதறி வந்து நின்றாள்.

"ஒண்ணுமில்லம்மா, பால் பொரையேறிடுச்சு. தம்பி சரியான நேரத்துல வந்து கூப்பிட்டுச்சு" என்றார் அந்தம்மா. அவன் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அவன் கூனிக் குறுகிப் போனான்.

அந்தம்மா போனதும், தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நான் தூக்கல. விட்டுட்டு ஓடிட்டேன்."

மனைவி குழந்தையின் வாயோரத்தில் வழிந்திருந்த பாலைத் துடைத்தாள்.

"எனக்கும்தான் தினம் உதறுது. நான் எங்க ஓடுறது?"

அவனைச் சுவரோரம் உட்கார வைத்து, குழந்தையை அவன் நெஞ்சில் சாய்த்து, அவன் உள்ளங்கையை அதன் முதுகில் வைத்து அழுத்திவிட்டு, தலை துவட்டப் போனாள். குழந்தை தூங்கிவிட்டது. அவன் அசையாமல் அழுதான்.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் லீவு போட்டான். பாலாடையில் பால் புகட்ட, ஏப்பம் விடவைக்க, குளிப்பாட்ட, ஒவ்வொன்றாகப் பழகினான். இப்போது மகளுக்கு இரண்டு வயது. அப்பா தோளைவிட்டு இறங்க மாட்டாள். "அப்பா செல்லம்!" என்று யாராவது மெச்சினால், அவன் பேச்சை மாற்றிவிடுவான். மாடிப்படியில் தையல்காரம்மா எதிரே வந்தால், இன்னமும் அவன் தலை தானாகக் குனிந்துகொள்கிறது.