படத்தில் விழாத கயிறு

1. சுத்தமான ஃப்ரேம்

தண்ணீர் கலங்கியபோது என் கையில் கயிறு இருந்தது. மாலதியின் கையில் இல்லை. அது ஏன் அப்படி ஆனது என்பதைத்தான் எழுதுகிறேன்.

துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பாகத்தை நீருக்குள் போய்ப் படமெடுத்துக் கொடுப்பது என் வேலை. சேர்ந்த முதல் வாரம் மேனேஜர் என் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, நீ கப்பலைக் காட்டுறியா, கயித்தைக் காட்டுறியா?" என்றார். டைவர் பிடித்துக்கொண்டு போகும் பாதுகாப்புக் கயிறு ஷாட்டின் குறுக்கே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து கயிறு படத்தில் விழாமல் பார்த்துக்கொள்வது எனக்குப் பழக்கம். இருபத்தாறு வருடப் பழக்கம்.

2. ராசப்பனின் நிபந்தனை

மாலதியும் அவள் கணவன் சேகரும் சேலத்தில் இன்ஜினீயர்கள். டைவிங்கில் பழக்கமான நண்பர்கள். போன வருடம் ஒரு சனி, ஞாயிறு கொல்லிமலைக்குப் போனோம். வேலை இல்லை, கஸ்டமர் இல்லை, கேமரா மட்டும் இருந்தது. அங்கே அரியூர் நாடு என்ற மலைக்கிராமப் பகுதியில் ராசப்பன் என்பவரின் மிளகுத் தோட்டத்துக்கு மேலே, பெரும்பாறைகளுக்கு நடுவில் நீர் நிறைந்த ஒரு குகை. அந்த ஊற்றுதான் கீழே அவருடைய நெல் வயலுக்குப் பாய்கிறது.

"தாராளமா எறங்குங்க. செருப்பக் கழட்டிருங்க, தண்ணியக் கலக்கிராதீங்க," என்றார் ராசப்பன்.

"கலங்கிட்டா என்னங்க பண்ணுவீங்க?" என்று சேகர் கேட்டான்.

"நாத்து மேல சேறு படிஞ்சிருமுங்க. மடைய அடைச்சுருவேன். தெளிஞ்சதுக்கப்புறம் கலக்குனவங்களே வந்து தொறந்து உடோணும். எங்கூட்ல அப்படித்தானுங்க."

சிரித்துக்கொண்டே சம்மதித்தோம்.

3. ஒன்றரைக் கை தூரம்

சேகர் குகை வாயில் உபரி சிலிண்டர்களோடு நின்றுகொண்டான். மாலதி முன்னால் போனாள். ரீலில் இருந்து கயிற்றை விட்டு, பாறை முனைகளில் ஒரு சுற்றுச் சுற்றி, வழி போட்டுக்கொண்டே போவது அவள் பொறுப்பு. ஒருவர் போட்ட கயிற்றை மற்றவர் இடம் மாற்றக் கூடாது. குகை டைவிங்கில் முதல் விதி அது. வெளிச்சம் போனால் திரும்பி வர அந்தக் கயிறு ஒன்றுதான் வழி.

கொஞ்ச தூரத்தில் மேலே ஒரு வெடிப்பு வழியாக வெயில் இறங்கியது. மாலதி ரீலை ஒரு பாறையில் கட்டி வைத்துவிட்டு அந்த வெளிச்சத்துக்குள் நீந்தினாள். நல்ல ஷாட். கயிறு மட்டும் குறுக்கே கிடந்தது. வலப்பக்கப் பாறை முனையிலிருந்து அதைக் கழற்றி இடப்பக்கம் ஒதுக்கி, ஒரு கையில் பிடித்துக்கொண்டேன். ஒன்றரைக் கை தூரம்தான். இரண்டு முறை யோசிக்கக்கூட இல்லை.

ஷாட் முடிந்து பின்னால் நகர்ந்தபோது என் காலில் இருந்த துடுப்பு தரையில் பட்டது. செம்மண் கிளம்பி, டார்ச் வெளிச்சம் கண்ணாடிக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

மாலதி வலப்பக்கம்தான் தேடுவாள். கட்டியவள் அவள். கயிற்றைத் தடவிக்கொண்டே போய், பழைய முனையைக் கண்டுபிடித்துத் திரும்ப மாட்டிவிட்டு, அதன் மேல் கையை வைத்துக் காத்திருந்தேன். மிகவும் பயமாக இருந்தது. காற்று தீர்ந்தால், தேடி அலையும் அவளுக்குத்தான் முதலில் தீரும், காரணம் நான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

4. யாருங்க கலக்குனது?

கரைக்கு வந்ததும் மாலதி முகக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"வலப்பக்கம் பூராத் தடவிப் பாத்தேனுங்கண்ணா. கயிறே இல்ல. அப்புறம் பாத்தா அதே எடத்துல இருக்குது. எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. இனி குகை வேண்டாங்க எனக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் ராசப்பன் ஏறி வந்தார். "வாய்க்கால்ல தண்ணி செவப்பா வருதுங்க. மடைய அடைச்சுட்டேன். யாருங்க கலக்குனது?"

"நான்தாங்க கலக்கியிருப்பேன்," என்றாள் மாலதி.

நான் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்த பிறகும் துடைத்தேன்.

சாயங்காலம் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தபோது தனியாக உட்கார்ந்து படத்தைப் போட்டுப் பார்த்தேன். ஆரம்பத்தில் நான்கு விநாடி, ஓரத்தில் என் இடது கை வந்து கயிற்றைக் கழற்றுகிறது. அந்தத் துண்டை வெட்டிவிட்டால் பிரமாதமான ஷாட். அந்தப் பக்கம் மாலதி சேகரிடம், ரீலை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தாள். சேகர் அதைத் தன் பையில் போட்டான்.

5. மடை

காலையில் தண்ணீர் தெளிந்திருந்தது. ராசப்பன் மண்வெட்டியோடு வந்து மாலதியிடம் நீட்டினார். அவளும் வாங்கிக்கொண்டாள்.

"மம்முட்டிய எங்கிட்ட குடு மாலதி. கலக்குனது நான்."

"பரவால்லீங்கண்ணா, விடுங்க."

"கயித்தை நகத்துனதும் நான்தான். ஷாட்டுக்காக. அப்புறம் திரும்ப மாட்டி வெச்சேன்."

மடையில் அடைத்திருந்த மண்ணை வெட்டி விட்டேன். தண்ணீர் நாற்றுகளுக்குள் போயிற்று. பிறகு கேமராவில் அந்த நான்கு விநாடியைக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தாள்.

"நேத்தே சொல்லியிருக்கலாமில்லீங்க. ராத்திரி பூரா என் கையவே நான் நம்பாம கெடந்தேன்," என்றாள்.

பத்து மணி வாக்கில் சேகரின் பையில் இருந்து ரீலை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். கேமராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னைக்குக் கயிறு நீங்க கட்டுங்க. படம் நான் எடுக்கறேன்."

அவள் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் அதைத்தான் போட்டுக் காட்டுகிறேன். ஆட்டம் அதிகம், வெயில் விழும் இடம் வெளுத்துப் போயிருக்கிறது, குகை சரியாகவே தெரியாது. முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடி வரை ஃப்ரேமின் நடுவில் கயிறு தெரியும்.