எண்ணெய் தடவாத விண்கலம்

காகிதத்தில் செய்த விண்கலத்தைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் இப்போது நம்புவதில்லை. தூக்கிக்கொண்டு போனவள் நான்தான்.

ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் அறிவியல் கண்காட்சி. டி.வி. கதைகளில் கிரகம் விட்டுக் கிரகம் தாவுமே, அந்த மாதிரி ஒரு கலம் செய்து வைக்கிறேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். சொன்ன நிமிஷமே, செய்ய வராவிட்டால் என்ன ஆவது என்று பயம் பிடித்துக்கொண்டது. எனக்கு எதற்கும் பயம். இன்றைக்கும் கேஸை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவள்தான் நான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கை கொடுத்தார். பட்டுக்கடையில் புடவை மடித்துப் பெட்டியில் போடுவது அவர் வேலை. நசுங்கிய புடவைப் பெட்டிகளைக் கடையில் கேட்டு வாங்கி வந்தார். பிரவுசிங் சென்டரில் செய்முறைத் தாள்களைப் பிரிண்ட் எடுத்து வந்தார். எல்லாம் இங்கிலீஷ். பாதியைப் படிப்பார், மீதியைப் படம் பார்த்து ஊகிப்பார்.

ஆனால் கை சுத்தமான கை. மை தீர்ந்த ரீஃபிலால் கோட்டை அழுத்திக் கீறிவிட்டு மடித்தார். அட்டை வெடிக்காமல் வாகாக மடிந்தது. தாளை மேசை விளிம்பில் வைத்து இழுத்தார். அதுவே சுருண்டு குழலானது. வெட்டிய ஓரமெல்லாம் வெள்ளையாகப் பல்லைக் காட்ட, அங்கே பென்சிலைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்ததும் அட்டை தகடாகிவிட்டது. இறக்கை, வால், ஆன்டெனா எல்லாம் தயார். வயிறுதான் பாக்கி.

அதற்கு உருண்டையான பாத்திரம் ஒன்றின் மேல் தாளைத் துண்டு துண்டாக ஒட்ட வேண்டுமாம். காய்ந்ததும் நடுவில் அறுத்து, இரண்டு பாதியாக உருவி, மறுபடி சேர்க்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய உருண்டை ஒன்றுதான் இருந்தது. அம்மாவுக்குத் தாய் வீட்டுச் சீராக வந்த பித்தளைக் குடம். அம்மா மறுபேச்சில்லாமல் தண்ணீரைப் பக்கெட்டில் கவிழ்த்துவிட்டுக் கொடுத்தாள்.

"ஒட்டறதுக்கு முன்னாடி பாத்திரத்துக்கு எண்ணெய் தடவணுமாம்" என்று மாமா படித்தார்.

தறியில் இருந்த அப்பா நிமிரவேயில்லை. "எண்ணெயெல்லாம் இங்க கொண்டாராதப்பா. முகூர்த்தப் புடவை ஓடிக்கினு இருக்குது."

பட்டில் ஒரு பொட்டு எண்ணெய் பட்டாலும் கறைதான். தலைக்கு எண்ணெய் வைத்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் எங்களைத் தறிப் பக்கமே விடுவார்கள். அதனால் அந்த வரியைத் தாண்டிப் போவது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. நான் மட்டும், எண்ணெய் இல்லாவிட்டால் குடத்தோடு ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்டேன்.

"ஒட்டறதுக்குத்தானே கஞ்சி காய்ச்சறோம்? இவ ஒருத்தி. ராக்கெட்டு கிளம்பறதுக்கு முன்னாடியே உழுந்துடுச்சின்னு அழுவா" என்றார் மாமா.

கஞ்சியை அம்மாதான் காய்ச்சினாள். பாவை, அதாவது தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளை, விடிகாலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி விறைப்பு ஏறப் போடுவோமே, அதே அரிசிக் கஞ்சி. கொஞ்சம் கெட்டியாக. ஒட்டியது வெயிலில் காய்ந்து மேளம் மாதிரி ஆனது. மாமா நடுவில் பிளேடு போட்டு அறுத்தார். இழுத்தார். வரவில்லை. அறுத்த இடத்தில் நெம்பிப் பார்த்ததில் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குத் தாள் கிழிந்து பித்தளை தெரிந்தது. அவ்வளவுதான்.

நான் அழ ஆரம்பித்தேன். கலமும் போச்சு, குடமும் போச்சு. விடிந்தால் கண்காட்சி.

அம்மா வந்து விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா தறியை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"வராதுடி. நல்லா புடிச்சிக்கிச்சு. அப்படியே எடுத்துக்கினு போ" என்றாள் அம்மா.

"தண்ணிக்கி இன்னாமா பண்ணுவ?"

"பக்கத்து வூட்டுல பிளாஸ்டிக் குடம் இருக்குது."

கிழிந்த இடத்தை மறைக்க அப்பா ஒரு பழைய டிசைன் அட்டையைக் கொடுத்தார். புடவைக் கரையில் மயிலும் அன்னமும் விழுவதற்காக வரிசையாகத் துளை போட்ட அட்டை. அதை நீளமாக நறுக்கி இடுப்பைச் சுற்றி ஒட்டினோம். துளைகள் வழியாகப் பித்தளை மின்னியது. உள்ளே ஆள் இருந்து விளக்கு ஏற்றியதுபோல இருந்தது. மாமா, முன்பே யோசித்து வைத்திருந்தவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார்.

காலையில் அவருடைய மொபெட்டின் பின்னால் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சிக்னலில் ஒரு பெரியவர், "எந்தக் கோயிலு வாகனம்பா இது?" என்று கேட்டார். மாமா முகம் மாறாமல், "இன்னும் சாமி முடிவாகல பெரியவரே" என்றார்.

டீச்சர் ஒரு கையால் தூக்கப் போய், இரண்டாவது கையையும் கொடுத்தார். "உள்ள என்னம்மா வச்சிருக்க?"

"எஞ்சின், மிஸ்."

துளை ஜன்னல்களில் எப்படி வெளிச்சம் வந்தது என்று வந்தவர்களெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தார்கள். இரண்டாம் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது. ஆனால் கண்காட்சி முடிகிறவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் மாலையில் அம்மா தெருக்குழாயில் இரவல் குடத்தோடு நிற்பதைப் பார்ப்பேன். சீர்க் குடத்தைக் கெடுத்த பாவி என்று என்னை நானே திட்டிக்கொள்வேன்.

எல்லாம் முடிந்து கலம் வீட்டுக்கு வந்தது. ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தாச்சா என்று அம்மா கேட்டாள். பார்த்தாச்சு என்றேன். அண்டாவில் அதை முக்கினாள். கொஞ்ச நேரத்தில் அவித்த சேப்பங்கிழங்குத் தோல் மாதிரி தாள் மொத்தமும் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே குடம், கீறல் இல்லாமல்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் பயந்தே இருக்க மாட்டேனே!"

"ஆமாடி. தோணவே இல்ல பாரு" என்றாள் அம்மா, புளி போட்டுக் குடத்தைத் தேய்த்துக்கொண்டே. அப்பா தறியில் சிரித்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

பத்தாவதோடு நின்று, நானும் பாவுக்குக் கஞ்சி போட வந்துவிட்டேன். காய்ந்து இறுகிய கஞ்சிச் சட்டியைத் தினமும் தண்ணீரில் ஊறப் போடுகிறேன். ஊறினால் விட்டுவிடும், எங்கள் தெருவில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் அது தெரியாதவள் நான் ஒருத்திதான்; தெரிந்திருந்தால் அன்றிரவே கலத்தை ஊறப் போட்டுக் குடத்தை மீட்டிருப்பேன்.