பால்சுறா வாசனை

போன வாரம் பிள்ளை பெற்ற பேத்திக்குப் பால் ஊறட்டும் என்று பால்சுறாக் கருவாட்டுக் குழம்பு கொதிக்கவிட்டேன். வாசனை என்னை வெள்ளைக்காரன் காலத்துச் செஞ்சிக்கே இழுத்துப் போய்விட்டது.

தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு ரத்தம் ஏராளமாகப் போனது. அத்தை அனந்தபுரம் சந்தையில் சுறா வாங்கிவந்து ஆக்கிப் போட்டாள். பால் சுரக்கவில்லை; தம்பி ஆட்டுப்பாலில்தான் வளர்ந்தான். கோட்டைப் பாறை கொதிக்கிற சித்திரையிலும் அம்மா கம்பளிக்குள் நடுங்கினாள்.

"இன்னாடி குளுரு? வேலைக்குப் பயந்து நடிக்கிற" என்பாள் அத்தை. அம்மா கம்பளியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

பேத்தி நர்சு. இதைக் கேட்டதும் சொன்னாள்: "அவ்ளோ ரத்தம் போனா சில பேருக்கு மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பி கெட்டுடும் ஆயா. பாலுக்கு ஒரு ஹார்மோன், சூட்டுக்கு ஒண்ணு, தெம்புக்கு ஒண்ணுன்னு அதான் அனுப்புது. எல்லாம் நின்னுடும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எப்போதோ செத்துப்போன அத்தையிடம் கரண்டியும் கையுமாகச் சொன்னேன்:

"கேட்டுக்கினியா அத்த? எங்கம்மா நடிக்கல."