எந்த வலி

முட்டத்து வேளாங்கண்ணிக்கு முப்பத்திரண்டு வயதில் குளச்சலுக்குப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் பெருக்குகிற வேலை கிடைத்தது. கொழும்புக்குப் போன புருஷன் யோவான் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டதாகக் கடிதம் வந்திருந்தது. வாசித்துச் சொன்ன உபதேசியார், இன்னொரு தடவை வாசிக்கட்டுமா என்று கேட்டார். ஒரு தடவை போதும் என்று எழுந்துவிட்டாள். அது 1927.

அடுத்த வருஷம் சென்னையிலிருந்து டாக்டர் ஜெபசீலன் வந்தார். கெட்டிக்காரர், நல்ல மனுஷர். யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது, "வலி இருக்கா?"

முதல் வாரமே விரல் வீங்கிப்போய் மரியஜான் என்ற மீன்பிடிக்காரர் வந்தார்.

"வலி இருக்கா?"

"இன்னைக்கு இல்ல அய்யா. நாளைக்கு உண்டு."

"நாளைக்கு வலிக்கும்னு இப்பவே எப்படித் தெரியும்?"

"நாளைக்கு எங்க முறையாக்கும். இருபது பேரு சேந்து வலிப்போம்."

டாக்டர் விரலை விட்டுவிட்டு அவர் கண்ணிமையை விரித்துப் பார்த்தார். மூலையில் பெருக்கிக்கொண்டிருந்த வேளாங்கண்ணி நிமிராமலே சொன்னாள்: "கரமடி வலை இழுக்கியத சொல்லுதாரு அய்யா. விரலு நோவுதான்னு கேளுங்க."

கேட்டார். "உயிரு போவுது" என்றார் மரியஜான்.

அந்தக் கரையில் உடம்பு நொந்தால் நோவு. வலிப்பது என்றால் இழுப்பது. வலையை வலிப்பார்கள், பீடி வலிப்பார்கள். கைகால் வெட்டி இழுக்கும் நோய்க்கும் வலி என்றுதான் பெயர். வேளாங்கண்ணி இதையெல்லாம் எடுத்துச் சொன்னாள். டாக்டர் வலையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்.

ஆடி மாதம் ஒரு காலையில் குளச்சல் ததேயுஸ் தன் நிறைமாத மனைவி ரீத்தாவைக் கட்டிலோடு தூக்கிவரச் செய்தான்.

"விடிஞ்சதிலருந்து ரெண்டு வலி வந்துது அய்யா."

"தலைப்பிரசவம்தானே? ரெண்டு வலிக்கெல்லாம் பயப்படாதே. மெல்ல நடக்க வை," என்றுவிட்டு டாக்டர் காலைச் சாப்பாட்டுக்குப் போனார்.

கட்டிலுக்கு அடியில் பெருக்கப் போன வேளாங்கண்ணி ரீத்தாவின் பாதத்தைப் பார்த்தாள். அமுக்கினால் குழி விழுந்தது. உதட்டோரம் இரத்தம்.

"மக்கா, எந்த வலி?" என்று ததேயுஸிடம் கேட்டாள்.

"கையும் காலும் வெட்டி வெட்டி வலிச்சு, கண்ணு மேல போச்சு. நாக்கக் கடிச்சுட்டா."

டாக்டர் வீடு ஆஸ்பத்திரி வளவுக்குள்ளேயே இருந்தது. பெருக்குகிறவர்கள் அதற்குள் பின்வாசல் வழியாகத்தான் போகலாம். அன்று வேளாங்கண்ணி முன்வாசல் வழியாக, கையில் விளக்குமாறோடு, சாப்பாட்டு மேஜை வரைக்கும் போனாள்.

"அய்யா, அது பேறு நோவு இல்ல. சன்னி கணக்கா வலி. ரெண்டு தடவ வந்தாச்சு."

டாக்டர் கை கழுவாமல் ஓடினார். மூன்றாவது வலி அவர் கண்முன்னாலேயே வந்தது. ஜன்னல்களை அடைத்து அறையை இருட்டாக்கி, ஊசி போட்டு, மத்தியானத்துக்குள் ஆயுதம் வைத்துக் குழந்தையை எடுத்தார். பெண் குழந்தை. ரீத்தாவுக்கு நினைவு திரும்ப ஒன்றரை நாள் ஆனது. விழித்ததும் கஞ்சி கேட்டாள்.

மறுநாள் டாக்டர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடந்தது. விளக்குமாறு தோட்டக்காரன் ரசலையன் கைக்குப் போனது. எழுத்தறியாதவள் டாக்டர் பக்கத்தில் உட்காரலாமா என்று கம்பவுண்டர் கேட்டார். "எழுத்தறிந்தவன் செய்ததைத்தான் பார்த்தீரே," என்றார் டாக்டர். வேளாங்கண்ணிக்குக் கூச்சம் போக ஒரு வாரம் பிடித்தது. யாரும் பார்க்காதபோது எழுந்து நின்றுகொள்வாள்.

1936இல் ஜெபசீலனுக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் கோட்டயத்துக்காரர், மலையாளி. மலையாளத்திலும் வலி என்றால் நோவு இல்லை; அவருக்கு இந்த வலியெல்லாம் பிறந்ததிலிருந்தே தெரியும். இனி முக்காலி எதற்கு என்று கம்பவுண்டர் சந்தோஷப்பட்டார். வேளாங்கண்ணியும் விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்தாள்.

முதல் நாளே, மாட்டுச் சந்தைக்கு வந்த நாங்குநேரி வியாபாரி சுடலையாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமியபடி வந்தார். டாக்டர் நெஞ்சைச் சோதித்தார். மடியில் செருகியிருந்த பீடிக்கட்டையும் பார்த்தார். கண்டிப்பாகச் சொன்னார்: "வலி நிறுத்தணும்."

"ஆமா அய்யா, நிறுத்தணும்."

"இன்னைக்கே நிறுத்தணும்."

"இப்பவே நிறுத்தினாலும் சரிதான். அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"ஞான் எங்ஙனே நிறுத்தும்? நீதான் நிறுத்தணும்!"

"என்னால முடிஞ்சா இங்க எதுக்கு வாரேன்?"

டாக்டர் முகம் சிவந்தது. வேளாங்கண்ணி முக்காலியிலிருந்து குனிந்து, "அண்ணாச்சி, பீடிய விடச் சொல்லுதாரு," என்றாள்.

சுடலையாண்டி மடியிலிருந்த பீடிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப நெஞ்சு வலிக்கு?"

"அத இனிமேதான் அவருக்குச் சொல்லணும்," என்றாள் வேளாங்கண்ணி.