சாண் விறகு

என் கணவர் லொறி ஓட்டியவர். முதலாளி லொறியை விற்றதோடு அவருடைய வேலையும் போனது. அந்த வயதில் வேறு யாரும் கூப்பிட்டு லொறிச் சாவியைக் கையில் கொடுக்கவில்லை. மனிதர் படலையடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். வாய்க்கால் வீதியால் போகிற வாகனங்களைப் பார்ப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், திரும்பவும் கதிரை. கதையும் குறைந்துபோனது. சண்டை பிடித்தாவது பார்ப்போம் என்று நானே வலியப் போய்ச் சீண்டினேன். "ஓம்" என்ற ஒரு சொல்லோடு அதையும் முடித்துவிட்டார். சண்டைக்கும் வராத புருசனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இவர் அந்தக் கதிரையோடேயே இறுகிப்போய்விடுவாரோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

நான் விடியமுன் எழும்பி இடியப்பம் அவித்து, வட்டக்கச்சியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கொடுப்பேன். குசினியில் காஸ் அடுப்பு இருக்கிறது, ஆட்கள் வந்தால் தேத்தண்ணி போட. அத்தனை இடியப்பத்தையும் அதில் அவித்தால் நான் சிலிண்டருக்குத்தான் உழைக்க வேண்டும். ஆகவே விறகடுப்பு. மாரி தொடங்கினால் காய்ந்த விறகுக்கு நான் படுகிற பாடு எனக்கும் என் கண்களுக்கும்தான் தெரியும்.

அந்த வருடம் மழைக்கு முன்னர், மின்கம்பியில் முட்டுகிற மரங்களை வெட்ட ஆட்கள் வந்தார்கள். வாகை, வேம்பு, பூவரசு என்று வீதியோரம் முழுக்கக் கொப்புகள் விழுந்தன.

"தம்பியவை, இதுகளை எங்கட வளவுக்குள்ள தள்ளிவிடுறியளோ?" என்று கேட்டேன்.

"தாராளமா அம்மா. எங்களுக்கு ஏத்திப் பறிக்கிற வேலை மிச்சம்."

அவர்கள் கொஞ்சமும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. பின்னேரம் என் கோழிகளுக்குக் கூட்டுக்குப் போக வழியில்லாமல் போய்விட்டது. அவை கத்திய கத்தில் கதிரையில் இருந்தவர் எழுந்து வந்தார். கொப்புக் குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு வாகைக் கொப்பைத் தூக்கிப் பார்த்தார். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவருடைய தம்பி லண்டனில் மரம் வெட்டுகிற வேலை செய்கிறார். அங்கே அதற்கு மரச் சத்திரசிகிச்சை என்று பெயராம். இங்கே நாலு பேர் கத்தியோடு ஏறிச் செய்ததை அங்கே ஆஸ்பத்திரிக் கணக்கில் சொல்கிறார்கள். அன்றைக்கு அவர் தொலைபேசியில் முகம் காட்டியபோது இவர் கொப்புகளைக் காட்டினார். பிறகு அங்கிருந்து ஒரு பெரிய வகுப்பே நடந்தது.

"அண்ணை, பச்சையா இருக்கேக்கையே பிளவுங்கோ, காஞ்சால் இறுகிடும். எல்லாத்தையும் ஒரே அளவா, சாண் நீளத்துக்கு வெட்டுங்கோ. ஈரம் வெட்டு வாயாலதான் கூட வெளிய போகும். கீழ கல்லு வைச்சு அடுக்குங்கோ. மேல மட்டும் மூடுங்கோ, பக்கத்தால காத்துப் போகட்டும்."

அடுத்த நாள் எனக்கு ஓமந்தைக்குப் போகவேண்டி வந்தது. தங்கச்சியின் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. கடைக்காரருக்குச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். படலையைத் தாண்டும்போது பின்னால் வாள் இழுக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி சந்தோசமாக பஸ் ஏறினேன்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் வளவு கூட்டிப் பெருக்கியதுபோல் இருந்தது. பூவரசங்குழை ஆட்டுக்குப் போயிருந்தது. சுள்ளி எல்லாம் கட்டுக்கட்டாகத் தாழ்வாரத்தில். நடுவில், வயலில் கதிர் அடுக்கி வைக்கிற நெற்சூடு மாதிரி வட்டமாக ஒரு விறகு அடுக்கு. தலையில் தறப்பாள். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இவர்.

"எப்பிடி?" என்றார்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு துண்டாவது சாணுக்கு மேல் இல்லை.

விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு என் வயிறு ஏன் எரிந்தது என்று விளங்கும். நீட்டு விறகின் தலை அடுப்புக்குள், வால் வெளியே. நெருப்புக் கூட வேண்டுமென்றால் வாலைப் பிடித்துத் தள்ளுவேன், குறைய வேண்டுமென்றால் இழுப்பேன். கை மாவில் இருந்தால் காலாலேயே தள்ளிவிடுவேன். சாண் விறகுக்கு வால் ஏது? முழுதாக உள்ளே விழுந்து, தன் பாட்டில் எரிந்து, தன் பாட்டில் நூர்ந்துபோகும். லண்டனில் விறகை இரும்புப் பெட்டிக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் குளிர் காய்கிறார்களாம். அங்கே யார் இடியப்பம் அவிக்கிறார்கள்?

இவருடைய மலர்ந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரை வந்ததை விழுங்கினேன். ஆனால் அடுத்த நாள் விடியமுன் முதல் அவியலிலேயே நெருப்பு விழுந்தது. தட்டெல்லாம் பாதி வேக்காடு. பொறுமை போய்விட்டது.

"இஞ்ச வாங்கோ! நான் மாப் பிழியிறதோ, உங்கட அடுப்புக்குச் சோறு தீத்துறதோ?"

பதிலுக்கு "ஓம்" வரவில்லை. ஆளே வந்தார். பலகைக்கட்டையை இழுத்துப் போட்டு அடுப்புக்கு முன்னால் இருந்தார். "நீர் பிழியும், நான் பாக்கிறன்" என்று ஒவ்வொரு துண்டாகக் கொடுக்கத் தொடங்கினார். அன்று தொடக்கம் அதுவே வழக்கமானது. லொறியில் கியர் மாற்றிய கை, நெருப்பை நான் கேட்கமுதலே கூட்டிக் குறைக்கப் பழகிவிட்டது.

சும்மா இருந்து விறகு போடுகிற மனிதருக்கு வாய் சும்மா இருக்காது. ஒட்டுசுட்டானுக்கு நெல் ஏற்றப் போய் யானைக்கு முன்னால் லொறியை நிறுத்திய கதை வந்தது. அது மறுபடி வந்தபோது யானைகள் கூடிப் போயிருந்தன. "முதல்ல ஒண்டெண்டுதானே சொன்னியள்?" என்று கேட்டதற்கு என்னோடு சண்டைக்கு வந்தார். நல்ல சண்டை. கடைக்குக் கொடுக்கப் பிந்திப்போனது.

மாரி வந்தது. அயலில் எல்லா வீட்டுக் கூரையாலும் புகை. எங்கள் சாண் விறகு மட்டும் நன்றாகக் காய்ந்து படபடவென்று எரிந்தது. முன்வீட்டு அக்கா ஒரு கடகத்தோடு விறகு கேட்டு வந்தா. அவாவுக்கு விறகு கொடுத்து, பட்டை எந்தப் பக்கம் பார்க்க அடுக்க வேண்டும் என்று ஒரு விரிவுரையும் இவர் கொடுத்தார். லண்டன் தம்பி எல்லாப் புகழும் தனக்கே என்றார். கிடக்கட்டும்.

அடுத்த வருடமும் கம்பிக்காரர் வந்து வளவு நிறையக் கொப்புத் தள்ளிவிட்டுப் போனார்கள். இவர் வாளோடு வந்து என் முன்னால் நின்றார்.

"இஞ்சரும், யோசிச்சுப் பாத்தனான். உம்மட அடுப்புக்கு நீட்டு விறகுதான் சரி. இந்த முறை நீட்டாவே விடட்டோ? நெருப்புக்கு நீர் என்னைப் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை."

மனிதர் சரியாகத்தான் சொன்னார். நீட்டு விறகு என்றால் அடுப்படியில் இன்னோர் ஆள் தேவையில்லை.

"வேண்டாம்," என்றேன். "சாணாவே வெட்டுங்கோ."