டெல்லிக்குப் போன கார்ப்பரேட்டர்

பம்பாயில் தமிழை எங்கள் வீட்டு உள்ளறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரயிலில் எதிரே இருப்பவரின் தொப்பையைப் பற்றித் தமிழில் விலாவாரியாகப் பேசுவோம். அவர் மாட்டுங்காவில் இறங்கும்போது, "வரட்டுமாம்மா" என்று கேட்டுவிட்டுப் போவார். அசடு வழிவோம். மறுநாள் அதே வேலையைச் செய்வோம்.

எங்கள் தாராவி வார்டு கார்ப்பரேட்டரும் (ஊரில் கவுன்சிலர் என்பார்கள்) அப்படித்தான் மாட்டினார்.

அப்பாவுக்குச் செம்பூரில் டயாலிசிஸ். ஊசி குத்திவிட்டால் நாலு மணி நேரம் எழுந்திருக்க முடியாது. பக்கத்து நாற்காலியில் நானும் கட்டிப்போட்ட மாதிரிதான் உட்கார்ந்திருப்பேன். ஒரு மதியம், திரைக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த நோயாளி போனில் பேசினார்.

"டெல்லி போயிருக்கேன்னு சொல்லு மாப்ள. சர்வேல எந்த வீட்டச் சேக்கணும், எத விடணும்னு நீயே பாத்து முடிச்சிரு. எம்பேரச் சொன்னா ஆபீசர் கேட்டுக்கிடுவான்."

மைக்கில் எத்தனையோ தடவை கேட்ட கார்ப்பரேட்டர் குரல். நான் வேலை பார்ப்பது ஒரு சின்னத் தமிழ்ப் பத்திரிகையில். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நர்ஸ் வந்து திரையை விலக்கியதும், என்னைப் பார்த்து அவர் முகம் வெளுத்துவிட்டது. அப்பா சும்மா இருக்க மாட்டாமல், "அண்ணாச்சி, நமக்கும் திருநெல்வேலிப் பக்கந்தான்" என்றார். அப்புறம் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு. மெஷின் ஓடி முடிப்பதற்குள் அவர் என்னைத் தாயி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்.

"தாயி, நீ பேப்பர்க்காரின்னு தெரியும். என் சீக்கு மட்டும் வெளிய போக வேண்டாம். சீக்காளிக்கு எவன் ஓட்டுப் போடுவான்?"

தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

ஆனால் குடிசைகளை இடித்துக் கட்டுவதற்கான அந்தச் சர்வேயில், எங்கள் சால் என்ற வரிசை வீடுகளில் கீழ்வீட்டு அக்காவின் வீடு விடுபட்டிருந்தது. புதுக் கட்டடம் வரும்போது அவளுக்கு வீடு கிடையாது என்று அர்த்தம். கார்ப்பரேட்டர் ஆபீசுக்கு அவள் நடையாய் நடந்தாள். அங்கே, அவர் போனில் மாப்ள என்று கூப்பிட்ட மச்சினன் உட்கார்ந்துகொண்டு, "சாப் டெல்லி கயா" என்று இந்தியிலேயே சொல்லி அனுப்பினான். அவள் என்னிடம் வந்தாள்.

"நீ பேப்பர்லதானட்டி இருக்க? அந்தாளு எங்கதான் போனாருன்னு கேட்டு எழுதேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள்மேலா, அவர்மேலா, போனில் தமிழ் பேசிய அந்தத் திமிர்மேலா என்று தெரியவில்லை. இருதலைக்கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது அந்த எறும்புக்காக நான் வருத்தப்பட்டதே இல்லை.

பத்திரிகை ஆசிரியர், "கார்ப்பரேட்டர் ஏன் ஆபீசுக்கு வரலைன்னு போடாம என்ன நியூஸ் இது?" என்றார். அப்பா, "வாரத்துல மூணு நாள் நான் அவரு பக்கத்துலதான படுக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

கார்ப்பரேட்டருடைய உடம்பு அவருக்குச் சொந்தம், ஆபீஸ் ஊருக்குச் சொந்தம் என்று எனக்கு நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். ஆபீசர்களை விசாரித்தேன், விடுபட்ட வீட்டுக்காரர்களைப் பார்த்தேன். கார்ப்பரேட்டர் வார்டு மக்கள் கண்ணில் படுவதே இல்லை, மச்சினன்தான் சர்வேயை நடத்துகிறான் என்று எழுதினேன். ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சர்வேக்காரர்கள் மறுபடி வந்து அக்கா வீட்டை அளந்தார்கள்.

ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? அவர் துபாய்க்கு ஓடிவிட்டார் என்றார்கள். அம்பர்நாத்தில் இன்னொரு குடும்பம் என்றார்கள்.

அடுத்த முறை போனபோது அவர் எங்களுக்கு முன்னாலேயே வந்து படுத்திருந்தார். கையில் ஊசி, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கும்பிட்டதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்.

"சீக்குன்னு போட்டிருந்தா நாலு பேரு பாவம்னாவது சொல்லிருப்பான்" என்றார் கூரையைப் பார்த்தபடி. "இப்ப எம்மவளே எங்கிட்ட, 'அம்பர்நாத்துல யாருப்பா'ன்னு கேக்கா."

"நீங்கதான அண்ணாச்சி வேண்டாம்னீங்க."

"ஆமா. நாந்தான் சொன்னேன்."

பிறகு கண்ணால் திரையைக் காட்டினார். அவரால் கை நீட்ட முடியாது.

"மேடம், பர்தா லகா தோ" என்றார், இந்தியில்.

எழுந்து போய் இழுத்து மூடினேன். அப்பா திரையைப் பார்த்துவிட்டு, நர்சைக் கூப்பிட்டு இந்தியில் போர்வை கேட்டார். அதற்குப் பிறகு மெஷின் நிற்கும்வரை எங்கள் மூன்று பேரில் ஒருவரும் தமிழ் பேசவில்லை.