அண்ணன் ஆசையாகத் தின்ற ஸ்டார் பழம்

சுகர் முற்றி அண்ணனுக்குக் கிட்னி போனபின், எங்கள் பட்டாபிராம் வீட்டில் பழம் என்றாலே சண்டைதான். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, சாத்துக்குடி கூடாது. தண்ணீரே அளந்துதான். "அதுக்கு என்னைக் கட்டிப் போட்டுடுங்க" என்று அண்ணியிடம் எரிந்து விழுவான். பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். அம்பத்தூருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் வந்தவள் தங்கச்சி நான்தானே.

அப்போதுதான் எதிர்வீட்டுக்காரி தன் மரத்து ஸ்டார் பழத்தை, குறுக்கே அரிந்தால் நட்சத்திரமாகத் தெரியுமே அதை, கொண்டுவந்தாள். கூடாதவை என்று எங்களுக்குச் சொன்னதில் அது இல்லை.

"சாப்டு பாருண்ணே. சூட்டுக்கு நல்லது. சுகருக்கும் கேக்கும்னு சொல்லிகினு கீறாங்க."

சாறு முழங்கைக்கு ஒழுக ஒழுகத் தின்றான். அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம்! எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

சாயங்காலம் விக்கல் பிடித்தது. தண்ணீர் கொடுக்கலாமென்றால் அன்றைய அளவு முடிந்துவிட்டது. யாரோ நினைக்கிறார்கள், சரியான பேரைச் சொன்னால் நின்றுவிடும் என்று அண்ணி ஆரம்பித்தாள். சித்தப்பா, பெங்களூர் மகள், ஃபேக்டரிக் கூட்டாளிகள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிச் சிரித்து மாளவில்லை.

"அம்மாவா இருக்கும், பாப்பா" என்றான் அண்ணன் என்னிடம்.

விக்கல் நின்றது. அம்மா செத்து வெகுகாலம். ஒருவரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி விக்கினான். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

விடிந்ததும் அண்ணியைப் பார்த்து "அம்மா" என்றான். ஆட்டோவிலேயே கைகால் வெட்டி இழுத்தது. என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். பழத்தின் பேரைச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார். நல்ல கிட்னி உள்ளவர்கள் அளவோடு தின்றால் ஒன்றும் செய்யாதாம். கெட்ட கிட்னியால் அதிலுள்ள நஞ்சை வெளியேற்ற முடியாதாம், மூளைக்கு ஏறிவிடுமாம். நிற்காத விக்கல்தான் முதல் அடையாளமாம். உடனே டயாலிசிஸ் போட்டும் அண்ணன் கண் திறக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரியை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னா அவ தாங்க மாட்டா. விட்டுடு."

விட்டேன். ஆனால் இன்றும் பஸ்ஸில் யாராவது விக்கினால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுகிறேன். வீட்டில் என்றால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

வருஷ திதிக்குப் படையல் போட்டோம். எதிர்வீட்டுக்காரி தலைக்குக் குளித்துவிட்டு, கனிந்ததாகப் பார்த்துப் பறித்து ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள்.

"அண்ணன் கடைசியா ஆசையா சாப்ட்டது இதான. படத்துக்கு முன்னாடி வையி."

அண்ணி வாங்கி, வடைக்கும் பாயசத்துக்கும் பக்கத்தில் வைத்தாள். படைத்ததை வீட்டு மனுஷர்கள் தின்றே ஆக வேண்டும். கற்பூரம் அணைந்ததும் எதிர்வீட்டுக்காரியே ஒரு பழத்தை அரிந்து, ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"அண்ணன் பேரச் சொல்லி சாப்டும்மா" என்று என் வாயைப் பார்த்தபடி நின்றாள்.

தின்றேன். நல்ல தித்திப்பு.